வட்ட லூமில் குட்டித் தொப்பி: ஏன் பெரிதாக வருகிறது, உச்சி ஏன் மூட மறுக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நூலைச் சுற்ற 24 முளைகள் (சிறு குச்சிகள்) நட்ட சின்ன வட்ட லூமில், அதாவது பின்னல் வளையத்தில், ஒரு படத்தைப் பார்த்துப் பொம்மைக்காக ஒரு குட்டித் தொப்பி பின்னினீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் என்று நினைத்தது பெரிதாகவும் தொளதொளவென்றும் வந்துவிட்டது. உச்சியை எவ்வளவு இறுக்கியும் விரல் நுழையும் ஓட்டை நிற்கிறது. எத்தனை வரிசை குறைத்தால் சரியாகும்? வரிசையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சுற்றளவும் உச்சி ஓட்டையும்தான் உங்கள் சிக்கல். இரண்டுக்கும் வேர் ஒன்றே, கண்ணிகளின் (பின்னலில் விழும் நூல் வளையங்களின்) எண்ணிக்கை. வரிசையைக் குறைத்தால் தொப்பி குட்டையாகும். சுற்றளவு ஒரு நூலளவும் குறையாது.

வட்ட லூமில் ஒரு முளைக்கு ஒரு கண்ணி. 24 முளையையும் சுற்றினால் தொப்பியைச் சுற்றி 24 கண்ணி இருந்தே தீரும். ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு அகலம் என்பதைப் பெரும்பாலும் முளைகளுக்கு இடையே உள்ள தூரமும், அதற்கடுத்து நூலின் தடிமனும், சுற்றும் முறையும் தீர்மானிக்கின்றன. ஊசிப் பின்னலில் கை இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்து அளவை மாற்றுவதுபோல இங்கே பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது, ஏனென்றால் முளைகள் நகராது. கடைகளில் அதிகம் கிடைக்கும் வட்ட லூம் தொகுப்பில் 24, 31, 36, 41 முளைகள் கொண்ட நான்கு வளையங்கள் வரும். அதில் 24 முளை வளையம்தான் ஆகச் சிறியது. அதனால்தான் குட்டி வேலைக்கு அதை எடுக்கத் தோன்றுகிறது. ஆனால் அதில் பருமனான நூலில் பின்னினால் வருவது குறைமாதக் குழந்தையின் தலைக்குப் போடும் அளவு. தொப்பி பெரிதாக வந்தது உங்கள் கைத்தவறு அல்ல. அந்த லூம் தரக்கூடிய அளவே அதுதான்.

நீங்கள் பார்த்த படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் அளவில் தொங்கவிடும் குட்டி நூல் தொப்பிகள் பல பின்னப்பட்டவையே அல்ல. அட்டைக் குழாயிலிருந்து ஓர் அங்குலத்துக்கும் குறைவான வளையத்தை வெட்டி, அதில் நூல் துண்டுகளை இரட்டையாக மடித்து நெருக்கமாக முடிச்சிட்டு, நுனிகளையெல்லாம் மேலே சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்திலிருந்து உச்சிவரை நேர்க்கோடாக இழைகள் மட்டும் ஓடினால் அது அட்டை வளையத் தொப்பி. கவட்டைக் கொம்பு மாதிரி சின்னச் சின்ன வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனால் அது பின்னல். முதல் வகையை எந்த லூமிலும் பின்னி எடுக்க முடியாது. இரண்டாவது வகை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

சின்னதாக வேண்டுமென்றால் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முளை குறைவான லூமை வாங்குவது ஒன்று. 12 முளை கொண்ட சிறு வட்ட லூம்கள் கிடைக்கின்றன. இரண்டாவது, நீங்களே செய்துகொள்வது. காகிதச் சுருளின் நடுவில் வரும் அட்டைக் குழாய் ஏறக்குறைய 4.5 செ.மீ. விட்டம் இருக்கும், சுற்றளவு 14 செ.மீ. அதன் வெளிப்பக்கம் குச்சிகளைச் சம இடைவெளியில், விளிம்புக்கு மேல் 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்து, நாடாவால் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றினால் லூம் தயார். ஐஸ் குச்சி தட்டையானது, ஏறக்குறைய 1 செ.மீ. அகலம், அதில் 8க்கு மேல் வைத்தால் கண்ணியைத் தூக்கும் கொக்கி நுழைய இடம் இருக்காது. மெல்லிய உருண்டைக் குச்சியாக இருந்தால் 12 தாராளமாக வைக்கலாம். அட்டை ஒற்றையாக இருந்தால் பத்து வரிசைக்குள் குச்சிகள் உள்பக்கம் சாயத் தொடங்கும். இன்னொரு குழாயை நீளவாக்கில் வெட்டி, முதல் குழாய்க்குள் சுருட்டிச் செருகிவிடுங்கள். அந்தச் சாய்வு நின்றுவிடும்.

மூன்றாவது வழி உங்களிடம் இருக்கும் 24 முளை லூமிலேயே நடக்கும். எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் எந்த அளவு வேண்டுமோ அந்த அளவை இதில் துல்லியமாக எடுக்கலாம். வளையம் முழுவதையும் சுற்றாமல், தேவையான முளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, போய் வந்து போய் வந்து ஒரு தட்டைத் துண்டாகப் பின்னுங்கள். பிறகு உச்சியைச் சுருக்கி, பக்கத்தைத் தைத்துவிட்டால் தொப்பி. முளை ஒன்று விட்டு ஒன்று சுற்றினால் பாதியாகிவிடாதா என்று தோன்றும். கண்ணி பாதியாகும், ஆனால் இடைவெளி இரட்டிப்பாகி, வலைபோலத் துணி வரும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

இனி அளவு. தொப்பி ஏறப்போகும் தலையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பின்னல் துணி இழுபடும். தலைக்குச் சமமாகப் பின்னினால் நழுவி விழும். பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பயன்படுத்தப்போகும் அதே நூலில், அதே சுற்று முறையில், 10 முளையில் 10 வரிசை ஒரு மாதிரித் துண்டு பின்னி, லூமிலிருந்து கழற்றி, அரை மணி நேரம் சும்மா கிடக்க விட்டு அளந்து பாருங்கள். லூமில் இருக்கும்போதே அளப்பது பலரும் செய்கிற தவறு. முளைகள் துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடித்திருப்பதால் அங்கே தெரியும் அகலம் பொய். ஓரங்கள் சுருண்டுகொள்ளும் என்பதால் நடுப்பகுதியில் உள்ள கண்ணிகளை மட்டும் அளந்து கணக்கிடுவது நல்லது.

ஓர் உதாரணம். பொம்மையின் தலை 15 செ.மீ. சுற்றளவு என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு போனால் 13.5 செ.மீ. மாதிரித் துண்டில் 10 கண்ணி 8 செ.மீ. வந்தால், ஒரு செ.மீ.க்கு 1.25 கண்ணி. 13.5ஐ 1.25ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 17. பக்கத் தையலில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போய்விடும்; ஆக 19 முளை. உயரத்துக்குக் கணக்கு இன்னும் எளிது. உருண்டையான தலையின் நடுப்பகுதியிலிருந்து உச்சிவரை மேற்பரப்பில் அளந்தால் சுற்றளவில் கால்பங்கு, இங்கே 3.75 செ.மீ. தொப்பி கொஞ்சம் கீழே இறங்கவும் உச்சிச் சுருக்கலுக்குமாக 1.75 செ.மீ. சேர்த்தால் 5.5 செ.மீ. மாதிரியில் 10 வரிசை 5 செ.மீ. என்றால் 11 வரிசை உயரம் போதும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லூமின் முளை இடைவெளியையும் நூலின் தடிமனையும் நீங்கள் எழுதவில்லை. அவை தெரியாமல் உங்களுக்கு எத்தனை முளை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. முறை மாறாது, எண்கள் மாறும்.

நூலைப் பொறுத்தவரை, முளைகள் அகலமாக இருந்தால் பருமனான நூல் வேண்டும், அல்லது நடுத்தர நூலை இரட்டை இழையாக எடுக்க வேண்டும். தொளதொளப்புக்கு நூல் மெலிந்திருப்பதுதான் முதல் காரணம். சுற்றும் முறை இரண்டாவது காரணம். எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் முழுச் சுற்றில், நூல் லூமின் உள்ளிருந்து வெளியே வந்து, முளையின் வெளிப்புறத்தைச் சுற்றி உள்ளே திரும்பி, தன்னைத் தானே கடந்து அடுத்த முளைக்குப் போகும். அதில்தான் நூல் அதிகம் செலவாகும், கண்ணியும் பெரிதாக இருக்கும். கடக்காமல், முளையை வெளிப்புறமாக அரைவட்டம் அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கண்ணி சிறுக்கும், துணி நெருங்கும். முளையின் வெளிப்பக்கம் நூலைக் குறுக்கே நேராக வைத்துவிட்டுக் கண்ணியைத் தூக்குவதுதான் ஆக இறுக்கமானது. புதிதாகப் பின்னுபவர்கள் அதில் கண்ணியைத் தூக்கவே திணறுவார்கள். குட்டித் தொப்பிக்கு அரைவட்டச் சுற்றையே பரிந்துரைப்பேன். ஆரம்ப வரிசையை மட்டும் முழுச் சுற்றாகப் போடுங்கள், இல்லாவிட்டால் முளையில் நிற்காது.

பின்னும் முறை இப்படிப் போகும். நூல் நுனியில் உருவு முடிச்சுப் போட்டு, லூமின் பக்கவாட்டு ஆணியில் மாட்டுங்கள். 19 முளையையும் முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டு போய், கடைசி முளையை இன்னொரு முறை சுற்றி, அதே வழியில் திரும்பி வாருங்கள். இப்போது ஒவ்வொரு முளையிலும் இரண்டிரண்டு இழை இருக்கும். நூல் எந்த முளையில் முடிந்ததோ அந்த முளையில் தொடங்கி, கீழ் இழையைக் கொக்கியால் மேல் இழைக்கு மேலாகத் தூக்கி, முளையின் தலையைத் தாண்டி உள்பக்கம் விடுங்கள். வேறு முளையில் தொடங்கினால் சுற்றிவைத்த நூல் கடைசி முளையிலிருந்து அவிழ்ந்துவிடும். தூக்கும்போது கொக்கியை முளையை ஒட்டியே நகர்த்துங்கள். வெளியே இழுத்தால் கண்ணி பெருக்கும், நூலின் புரிகளும் பிரியும். ஒரு வரிசை முடிந்ததும் விரலால் தடவி எண்ணுங்கள்: ஒவ்வொரு முளையிலும் ஒரே ஒரு கண்ணி. எங்காவது இரண்டு நின்றால் இப்போதே தூக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் அந்த இடத்தில் துணி சுருங்கி நூல் குறுக்கே கிடக்கும். திரும்பும் முளையை ஒவ்வொரு வரிசையிலும் சுற்ற வேண்டும், அப்போதுதான் தையலுக்கு ஓரம் ஒழுங்காக அமையும்.

ஓரத்தை அப்படியே விட்டால் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இது பின்னலின் இயல்பு. சிலர் அந்தச் சுருளையே ஓரமாக வைத்துக்கொள்வதும் உண்டு. 11 வரிசைத் தொப்பியில் சுருள் மூன்று வரிசையை விழுங்கிவிடும் என்பதால் மடிப்பு ஓரம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. 8 வரிசை பின்னிய பிறகு, லூமுக்குள் தொங்கும் ஆரம்ப விளிம்பை மேலே தூக்குங்கள். விளிம்பில் ஒவ்வொரு முளைக்கும் நேர் கீழே ஒரு கண்ணி இருக்கும். தொடக்க நூல்நுனி எந்த முளைக்கு நேரே இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கி, ஒரு கண்ணிக்கு ஒரு முளை என்று மாட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு கீழ்க் கண்ணியை மேல் கண்ணிக்கு மேலாகத் தூக்கிவிட்டால் மடிப்பு பூட்டிக்கொள்ளும். முடிவில் ஒரு கண்ணி மிஞ்சினாலோ ஒரு முளை காலியாக நின்றாலோ நடுவில் எங்கோ ஒன்றைத் தாண்டியிருக்கிறீர்கள். சரிசெய்யாமல் தொடர்ந்தால் ஓரம் முழுவதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், தைத்த பிறகு அதை நேராக்க வழியே இல்லை. 8 வரிசை மடிந்து 4 வரிசை உயரமாகிவிட்டது. மீதி 7 வரிசை பின்னினால் 11.

இப்போது நீங்கள் அதிகம் அவதிப்பட்ட உச்சி. ஓட்டை ஏன் மூடவில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நூல் 3 மி.மீ. தடிமன் என்றால், ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு இழை, ஆக 6 மி.மீ. 24 கண்ணிகள் தோளோடு தோள் நின்றால் 144 மி.மீ. சுற்றளவு வளையம், விட்டம் ஏறக்குறைய 4.5 செ.மீ. நூல் அமுங்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால் உண்மையில் வரும் ஓட்டை இதைவிடச் சிறியது. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் அந்த நூல் கூட்டம் எங்காவது இருந்தாக வேண்டும். பலத்தை இன்னும் கூட்டினால் சுருக்கு நூல்தான் அறும். ஆகவே, இழுப்பதற்கு முன்பே கண்ணிகளைப் பாதியாக்குங்கள். கடைசி வரிசைக்கு முன், இரண்டாவது முளையின் கண்ணியை முதல் முளைக்கும், நான்காவதை மூன்றாவதற்கும் மாற்றிக்கொண்டே போங்கள். 19இல் ஒன்று தனியாக நிற்கும், இருக்கட்டும். கண்ணி உள்ள முளைகளை மட்டும் சுற்றி, கீழே உள்ள இரண்டையும் ஒன்றாகத் தூக்குங்கள். இப்போது 10 கண்ணிதான். காலி முளைகளைத் தாண்டிப் போகும் நூல் நீளமாகத் தெரியும். ஒரே வரிசை என்பதால் சுருக்கும்போது மறைந்துவிடும். இரண்டு மூன்று வரிசை இப்படிப் பின்னினால் மறையாது, ஏணிப்படி மாதிரி இடைவெளிகள் நிற்கும்.

நூலை 50 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய முனையுள்ள கம்பளி ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியிலும் கீழிருந்து மேலாக நுழைத்து, நுழைத்த பிறகே முளையிலிருந்து கழற்றுங்கள். எல்லாம் வந்ததும் மொத்தக் கண்ணிகளிலும் இன்னொரு முறை ஊசியை ஓட்டுங்கள். இந்த இரண்டாவது சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பளுவைப் பங்கிட்டுக்கொள்வதால் நூல் அறாமல் இழுக்க முடிகிறது. ஒரே வெட்டாக இழுக்காதீர்கள். கொஞ்சம் இழுத்து, கண்ணிகளை விரலால் ஒதுக்கி, மறுபடி இழுங்கள். பிறகு ஊசியை உள்பக்கம் கொண்டுபோய், ஓட்டையின் குறுக்கே எதிரெதிர் கண்ணிகளைப் பிடித்து மூன்று திசையில் தையல் போட்டு முடிச்சிடுங்கள். தட்டைத் துண்டாகப் பின்னியிருந்தால் அதே நூலால் பக்கத்தையும் உச்சியிலிருந்து ஓரம்வரை தைத்து இறங்கலாம். மடிப்பு ஓரத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் உள் அடுக்கு எட்டிப் பார்க்கும்.

நடுவில் ஒரு கண்ணி நழுவிவிட்டால் பதற வேண்டாம். அது கீழே ஓடி, பின்னால் ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகளை விட்டுச்செல்லும். குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேலுள்ள குறுக்கு இழையை இழுத்து, படிப்படியாக முளைவரை ஏற்றிவிடலாம். முழுச் சுற்றில் பின்னிய துணியாக இருந்தால் ஒரு நுணுக்கம்: அதில் ஒவ்வொரு கண்ணியின் அடியும் முறுக்கிக் கடந்திருக்கும். ஆகவே, ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கண்ணி எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கம் கண்ணியை அரைத்திருப்பு திருப்பிவிட்டு இழையை இழுங்கள். திருப்பாமல் ஏற்றினால் அந்த நெடுக்கு வரி மட்டும் அகலமாகத் தனித்துத் தெரியும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களிலும் பிசிறு அதிகமுள்ள நூலிலும் இதைக் கண்ணால் பிடிப்பதே கஷ்டம், முதல் தொப்பிக்கு வெளிர் நிறமே எடுங்கள்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதை எடைபோட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு வரிசையைச் சுற்றி, அவிழ்த்து அளந்தால் போதும். 19 முளைக்கு 50 செ.மீ. என்றால், 15 வரிசைக்கு 7.5 மீட்டர், ஆரம்ப வரிசைக்கும் உச்சிக்கும் தையலுக்குமாக ஒன்றரை மீட்டர்.

உச்சிக்குப் பாம்பாம் பந்து வைப்பதாக இருந்தால், முள்கரண்டியின் பற்களில் நூலை 40 சுற்று சுற்றி, நடுப்பல் இடுக்கில் வேறு நூலை விட்டு இறுக்கிக் கட்டி, இருபக்கமும் வெட்டி உருண்டையாகக் கத்தரியுங்கள். கட்டும் நூலாக அதே அக்ரிலிக் நூலை எடுத்தால் முடிச்சு வழுக்கும். எம்பிராய்டரி நூல் இறுகப் பிடிக்கும். கைக்குழந்தையிடம் கொடுக்கும் பொம்மை என்றால் பந்தை விட்டுவிடுங்கள், பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

கடைசியாக, தொப்பியைச் சீராக்க இஸ்திரிப் பெட்டியை எடுக்கும் முன் நூலின் உறையைப் பாருங்கள். அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூல் துவண்டு, பின்னலின் துள்ளல் நிரந்தரமாகப் போய்விடும். தண்ணீர் தெளித்து, அளவான ஒரு பந்தின்மேல் மாட்டி உலரவிட்டால் போதும். சுத்தக் கம்பளி என்றால் வெந்நீரில் போட்டுத் தேய்த்துச் சுருக்க முடியும், ஏற்கெனவே பெரிதாக வந்துவிட்ட உங்கள் தொப்பியைக்கூட அப்படிக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அகலத்தைவிட நீளம் அதிகமாகச் சுருங்கும், கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு அவிழ்க்க முடியாது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும் கம்பளி இப்படிச் சுருங்காது. உங்கள் நூல் எந்த வகை என்று எழுதினால், அந்தத் தொப்பியைச் சுருக்குவது நல்லதா, அவிழ்த்து 24ஐக் குறைத்துப் பின்னுவது நல்லதா என்று சொல்ல முடியும்.